எல்மினாவுக்கு மேல் ஒரு சாய்கோடு

சாலாக் செலாத்தானில் மூத்தவர்கள் யாரிடமாவது பழைய விமான நிலையம் எங்கே என்று கேட்டால் சுங்கை பெசி பக்கம் கையை நீட்டுவார்கள். 1965 வரை கோலாலம்பூருக்கு வந்த பயணிகள் விமானங்கள் அங்கேதான் இறங்கின. பிறகு சுபாங். 1998இல் சிப்பாங். சுங்கை பெசி ஓடுபாதையை விமானப் படை 2018 வரை வைத்திருந்துவிட்டு மூடியது. நகரம் பெருகப் பெருக விமான நிலையத்தை வெளியே தள்ளிக்கொண்டே போனார்கள். நகரமும் விடாமல் அதன் பின்னாலேயே போனது. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே கட்டிய சுபாங்கைச் சுற்றி இன்று அடுக்குமாடிகளும் விரைவுச் சாலைகளும்தான்.

சுபாங்கில் ஓடுபாதை ஒன்றே ஒன்று. அதன் ஒரு முனையில் 15 என்றும் மறுமுனையில் 33 என்றும் பெரிதாக எழுதியிருக்கும். திசைகாட்டியில் 150 பாகை, 330 பாகை என்பதைத்தான் கடைசிச் சுழியை விட்டு அப்படி எழுதுகிறார்கள். வரைபடத்தில் அந்த ஓடுபாதையின் மேல் அளவுகோலை வைத்து, கோட்டை இரு பக்கமும் நீட்டிப் பாருங்கள். வடமேற்கே அது எல்மினாவை நோக்கிப் போகும். தென்கிழக்கே பூச்சோங் பக்கம் போகும். 1977, 1983, 1989, 2023 ஆகிய ஆண்டுகளில் கிள்ளான் பள்ளத்தாக்கை உலுக்கிய நான்கு விமான விபத்துகளும் இந்தக் கோட்டை ஒட்டியே நடந்தவை.

2023 ஆகஸ்ட் 17 அன்று எல்மினாவில் சிறு ஜெட் ஒன்று சாலையில் விழுந்து வெடித்தபோது, 1977இல் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் விழுந்ததும் இதே எல்மினாதான் என்பது பலருக்கும் நினைவுக்கு வந்தது. இடம் சரியில்லை, ஏதோ இருக்கிறது என்று பேசியவர்களும் உண்டு. அங்கே ஒன்று இருப்பது உண்மைதான். ஆவியைச் சொல்லவில்லை, வானத்தில் வரைந்த ஒரு சாய்கோட்டைச் சொல்கிறேன்.

பயணிகள் விமானம் தரையிறங்க வரும்போது கிடைமட்டத்துக்கு 3 பாகை சாய்வில் வருகிறது. உலகம் முழுக்க ஏறக்குறைய இதே கணக்குதான். ஓடுபாதையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் உயரம் சுமார் 50 மீட்டர், பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருந்தால் 500 மீட்டருக்குச் சற்று மேல். விமானியின் பேச்சில், ஒரு கடல்மைலுக்கு 300 அடி. எல்மினா ஓடுபாதையிலிருந்து ஏறக்குறைய 7 கிலோமீட்டர் என்று வைத்தால், அங்கே விமானம் சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். இரட்டைக் கோபுரத்தில் முக்கால் பங்கு உயரம். சுபாங்கை நோக்கி வடக்கிலிருந்து வரும் ஒவ்வொரு விமானமும் அந்தக் கூரைகளுக்கு மேல் அந்த உயரத்தில்தான் கடந்தாக வேண்டும். கோட்டைவிட்டுக் கீழே சரியும் விமானம் வேறெங்கும் போய் விழாது. கோட்டுக்கு நேர் கீழேதான் விழும்.

1977 செப்டம்பர் 27. தோக்கியோவிலிருந்து ஹாங்காங் வழியாக வந்த ஜப்பான் ஏர்லைன்ஸின் டி.சி.-8 விமானம், மோசமான வானிலையில் சுபாங்கை நெருங்கிக்கொண்டிருந்தது. எல்மினா அப்போது ரப்பர் தோட்டம். ஓடுபாதை கண்ணில் படாதவரை 750 அடிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது அந்த அணுகுமுறைக்கான விதி. விமானம் இறங்கியது. தோட்டத்துக் குன்று ஒன்றில், ஏறக்குறைய 300 அடி உயரத்தில் மோதியது. விமானத்தில் இருந்த 79 பேரில் 34 பேர் மாண்டனர். இயந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை. சரியாக இயங்கிய ஒரு விமானத்தை, அதை ஓட்டியவர்களே, தெரியாமல் மலையில் கொண்டுபோய் மோதினார்கள். விமானத் துறையில் இந்த வகை விபத்துக்குத் தனிப் பெயரே இருக்கிறது. கட்டுப்பாட்டில் இருந்தபடியே தரையில் மோதுதல் என்பார்கள். பல பத்தாண்டுகள் பயணிகள் விமானங்களை மிக அதிகமாகப் பலி வாங்கியது இதுதான்.

விமானம் என்றதும் நமக்கு வருவது உயரத்தைப் பற்றிய பயம். முப்பத்தைந்தாயிரம் அடியில் லேசாக ஆட்டம் கண்டாலே கைப்பிடியை இறுக்கிக்கொள்கிறோம். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. போயிங் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்துத் தொகுப்பில், ஒன்றரை மணி நேரப் பயணத்தை அளவாக எடுத்துக்கொள்கிறார்கள். அதில் கடைசி அணுகலுக்கும் தரையிறக்கத்துக்கும் ஆகும் நேரம் நூற்றுக்கு 4 பங்கு. உயிர்ச்சேதம் உண்டாக்கிய விபத்துகளில் ஏறக்குறைய பாதி அந்த 4 பங்கில் நடக்கிறது. ஓடி மேலெழும் கட்டத்துக்கு ஆகும் நேரம் அதைவிடக் குறைவு. அதன் பங்கும் கணிசம். மிச்ச நேரம் முழுவதும், நாம் பயந்து நடுங்கும் அந்த உயரத்தில், நடப்பது மிகக் கொஞ்சம்.

காரணம், விமானிக்கு உயரம் என்பது நேரம். 2001 ஆகஸ்டில் அட்லாண்டிக் கடலுக்கு மேலே ஏர் டிரான்சாட் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ330 ஒன்று எரிபொருள் கசிந்து இரண்டு இயந்திரங்களும் நின்றுபோக, சத்தமில்லாமல் 19 நிமிடம் மிதந்து, 120 கிலோமீட்டர் வாக்கில் கடந்து, அசோர்ஸ் தீவுகளில் ஒன்றில் இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் யாரும் சாகவில்லை. இயந்திரம் இல்லாமலும் விமானம் பறக்கும். ஒவ்வொரு மீட்டர் உயரத்தையும் செலவழித்து, அதைப்போல் பதினைந்து மடங்குக்கும் மேல் தூரத்தை வாங்கிக்கொள்ளும். செலவழிக்க உயரம் வேண்டும், அவ்வளவுதான்.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171க்கு அது இல்லை. முதற்கட்ட விசாரணை அறிக்கையின்படி, போயிங் 787 தரையை விட்டு எழுந்த சில விநாடிகளில் இரு இயந்திரங்களின் எரிபொருள் விசைகளும் ஒரு விநாடி இடைவெளியில் மூடிய நிலைக்குப் போயின. பத்து விநாடி கழித்து மீண்டும் திறக்கப்பட்டன. இயந்திரங்கள் மறுபடி பற்றத் தொடங்கின, ஒன்று தேறிக்கொண்டும் வந்தது. மேலெழுந்ததிலிருந்து விழுந்தது வரை மொத்தமே அரை நிமிடம்தான். 242 பேரில் ஒருவர் மட்டும் பிழைத்தார். இதே விசைகள் முப்பதாயிரம் அடியில் மூடப்பட்டிருந்தால், பயணிகளில் பாதிப் பேருக்கு என்ன நடந்தது என்றே தெரிந்திருக்காது.

ஓடி எழும் கட்டத்தில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. ஒவ்வொரு முறை புறப்படும் முன்னும், அன்றைய எடை, வெயில், காற்று, ஓடுபாதையின் நீளம், ஈரம் எல்லாவற்றையும் போட்டு ஒரு வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். வி-1 என்று அதற்குப் பெயர். அந்த வேகத்துக்கு முன்னால் ஏதாவது நடந்தால் நிறுத்திவிடலாம். தாண்டிவிட்டால் நிறுத்தக் கூடாது. இயந்திரம் ஒன்று போனாலும் மேலே ஏறியே ஆக வேண்டும். மிச்சமுள்ள ஓடுபாதை நிற்பதற்குப் போதாது. ஓடும்போது தலைமை விமானியின் கை உந்துவிசை நெம்புகோலின் மேலேயே இருக்கும், எந்த நொடியும் பின்னால் இழுக்க வசதியாக. வி-1 என்று குரல் கேட்டதும் கையை எடுத்துவிடுவார். பழக்கத்தால் இழுத்துவிடக் கூடாதே என்பதற்காகச் செய்து வைத்த ஏற்பாடு இது. விமானத் துறை மனித மூளையை எவ்வளவு நம்புகிறது, எங்கே நம்புவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கடைசி நொடியில் நிறுத்துவதும் லேசுப்பட்ட காரியமில்லை. ஏ330 போன்ற பெரிய விமானம் 230 டன் எடையோடு மணிக்கு 290 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது, அத்தனை ஆற்றலையும் பெரும்பாலும் சக்கரத் தடைகளே வெப்பமாக விழுங்க வேண்டும். புது விமானத்துக்குச் சான்றிதழ் கொடுக்கும் முன், தேய்ந்த தடைகளோடு இதைச் சோதித்துப் பார்க்கிறார்கள். தடைகள் செக்கச் சிவந்து ஒளிரும், டயர்கள் காற்றிறங்கும். ஐந்து நிமிடத்துக்குத் தீயணைப்பு வண்டி கிட்டே போகக் கூடாது என்பது சோதனை விதி. உண்மை வாழ்க்கையில் வண்டி வந்துசேர அவ்வளவு நேரமாகலாம் அல்லவா?

நம் ஊர் வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. 33 பாகை வெப்பத்தில் காற்றின் அடர்த்தி, 15 பாகையில் இருப்பதைவிட நூற்றுக்கு ஆறு பங்கு குறைவு. இறக்கை தாங்குவதற்குக் காற்று குறைவு, இயந்திரம் விழுங்குவதற்கும் குறைவு. அதே விமானம் கோலாலம்பூர் நடுப்பகலில் எழ இன்னும் வேகமாக, இன்னும் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். சுபாங் ஓடுபாதையை ஏறக்குறைய 3,780 மீட்டர் நீளத்துக்குப் போட்டிருப்பது வீணுக்கில்லை.

திருச்சிக்குப் போய்வரும் மலேசியத் தமிழர்களுக்கு அந்த ஓடுபாதையும் அதன் கோடியில் உள்ள மதில் சுவரும் தெரிந்திருக்கும். 2018 அக்டோபர் 12 அதிகாலையில் துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் அந்தச் சுவரை இடித்துக்கொண்டுதான் மேலே போனது. ஓடும்போது தலைமை விமானியின் இருக்கைச் சாய்மானம் சட்டென்று பின்னால் சரிந்ததில், கையோடு நெம்புகோலும் பின்னுக்கு வந்து உந்துவிசை குறைந்துவிட்டது என்று விசாரணையில் தெரிந்தது. அடிவயிறு கிழிந்த விமானம் கடலுக்கு மேல் போய், பிறகு திருப்பிவிடப்பட்டு மும்பையில் பத்திரமாக இறங்கியது. ஒரு நாற்காலிப் பூட்டு! வேறு எந்த நேரத்தில் அது விட்டிருந்தாலும் விமானி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார், கதை அதோடு முடிந்திருக்கும்.

தரையிறக்கத்துக்கு வருவோம். இறங்குவதில் உள்ள சிக்கல் வேறு விதமானது: ஓடுபாதை அருகில் வர வர, திரும்பிப் போக மனம் வராது. ஆயிரம் அடி உயரத்துக்கு வரும்போது வேகம், சாய்வு, சக்கரம், இறக்கை மடிப்பு எல்லாம் சரியாக அமைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இயந்திரத்தை முடுக்கி மறுபடி மேலே ஏறிச் சுற்றிவர வேண்டும் என்று நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. அப்படி அமையாத அணுகல்களில் விமானிகள் விதிப்படி மேலே ஏறுவது நூற்றுக்கு மூன்று முறைதான் என்று அமெரிக்காவின் விமானப் பாதுகாப்பு அறக்கட்டளை கண்டறிந்தது. மிச்ச 97 முறையும் எப்படியோ இறங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் நல்லபடியாகவே இறங்குகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும் அடுத்த முறையும் தப்பிக்கலாம் என்ற பாடம் மனத்தில் ஏறுகிறது.

1983 டிசம்பர் 18 அன்று சிங்கப்பூரிலிருந்து வந்த மலேசிய விமான நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ300, மழையில் சுபாங்குக்கு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் முன்பே மரங்களை உரசித் தரையில் போய் உட்கார்ந்தது. அதுவும் அதே வடமேற்குக் கோடு. விமானம் சிதைந்தது, 247 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். எல்லாரும் பிழைத்ததாலோ என்னவோ, இந்த விபத்தை இன்று பேசுவாரில்லை.

மழை என்று சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டில் பாதி நாளாவது இடி முழங்குகிறது. இடிமேகத்தின் அடியிலிருந்து சில நேரம் குளிர்ந்த காற்று ஒரே தூணாகக் கீழே கொட்டி, தரையில் பட்டு நான்கு பக்கமும் பரவும். அதற்குள் நுழையும் விமானத்துக்கு முதலில் எதிர்க்காற்று கிடைக்கும். தூக்கிவிடுவதுபோல் இருக்கும், விமானி விசையைக் குறைப்பார். அடுத்த நொடி மேலிருந்து அழுத்தும். அதற்கடுத்து பின்னாலிருந்து காற்று வந்து, இறக்கைக்கு வேண்டிய வேகத்தையே பறித்துக்கொண்டு போகும். 1975இல் நியூயார்க்கில் நடந்த ஒரு விபத்தை ஆராய்ந்து இதைக் கண்டுபிடித்தவர் ஜப்பானில் பிறந்த புஜிதா. டொர்னாடோ என்னும் சுழல்காற்றுகளுக்கு அளவுகோல் வகுத்த அதே புஜிதா. பலர் அப்போது நம்பவில்லை. இன்று விமானத்தின் மூக்கில் இருக்கும் ராடார் இந்தக் காற்றை முன்கூட்டியே தேடுகிறது.

பூச்சோங் விபத்துக்கு மழைமேல் பழி போட முடியாது. 1989 பிப்ரவரி 19, பொழுது விடியாத அதிகாலை. சிங்கப்பூரிலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு பிளையிங் டைகர் நிறுவனத்தின் போயிங் 747 தெற்கிலிருந்து, அதாவது 33ஆம் முனையை நோக்கி, வந்துகொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அதிகாரி அதை 2,400 அடிக்கு இறங்கச் சொன்னார். சொன்ன விதம் ஆங்கிலத்தில் இப்படி: “டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ.” அந்த ‘டூ’ இரண்டு என்ற எண். விமானியின் காதில் அது ‘வரைக்கும்’ என்ற பொருள் தரும் ‘டு’வாக விழுந்தது. நானூறு அடி வரை இறங்கு என்று புரிந்துகொண்டு, “ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ” என்று திருப்பியும் சொன்னார். அந்தத் திருப்பிச் சொல்லலைத் திருத்துவார் யாருமில்லை. வழியில் இருந்த குன்றின் உயரம் 437 அடி. நான்கு பேர், இருந்த எல்லாரும், மாண்டனர்.

ஒரு சின்னச் சொல் நான்கு பேரைக் கொன்றது என்று சொல்லி முடித்துவிடலாம், பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. சொல் தடுக்கி விழுந்த இடத்தில் தாங்குவதற்கு மூன்று கைகளாவது இருந்தன. திருப்பிச் சொன்னதைக் கேட்ட அதிகாரி ஒரு கை. அந்த இடத்துக்கு உரிய குறைந்தபட்ச உயரத்தை அச்சிட்டு வைத்திருந்த வரைபடம் இன்னொரு கை. நானூறு அடி என்பது அதனோடு ஒட்டவே ஒட்டாத எண். மூன்றாவது, விமானத்திலேயே இருந்த தரை எச்சரிக்கைக் கருவி. அது கத்தியது, மேலே ஏறச் சொல்லிக் கத்தியது. விமானி அறையில் இருந்தவர்கள் அதைக் கேட்டும் ஏறவில்லை. அந்தக் காலத்துக் கருவி வேண்டாத நேரத்திலும் கத்தும். அதைக் கண்டுகொள்ளாமல் விடும் பழக்கம் பல விமானிகளுக்கு இருந்தது. பூச்சோங் ஒலிப்பதிவை அதன் பிறகு பயிற்சி வகுப்புகளில் போட்டுக் காட்டினார்கள்: கருவி கத்தினால் யோசிக்காதே, முதலில் ஏறு, பிறகு காரணம் தேடு.

அந்தக் கருவியை உருவாக்கியவர் டான் பேட்மன் என்ற கனடாவில் பிறந்த பொறியாளர். முதல் தலைமுறைக் கருவி வயிற்றுக்கு நேர் கீழே உள்ள தரையை மட்டுமே அளந்தது. முன்னால் செங்குத்தாக எழும் மலை அதற்குத் தெரியாது. உலகத்தின் மேடு பள்ளம் முழுவதையும் கருவிக்குள் வைத்துவிட்டால் என்ன என்று பேட்மன் நினைத்தார். அதற்கு வேண்டிய வரைபடங்கள் பல நாடுகளில் இராணுவ ரகசியம். சோவியத் யூனியன் உடைந்த நேரத்தில், அவர்கள் எடுத்து வைத்திருந்த நிலவரைபடத் தரவுகளை வாங்கிச் சேர்த்தார். 1990களின் நடுவில் புதிய கருவி விமானங்களில் ஏறியது. ஜி.பி.எஸ். சொல்லும் இடத்தை உள்ளே இருக்கும் மலைகளோடு ஒப்பிட்டு, மோதுவதற்கு ஒரு நிமிடம் முன்பே அது பேசத் தொடங்கும். 1977இன் எல்மினா, 1989இன் பூச்சோங் போன்றவை பெரிய பயணிகள் விமானங்களில் இன்று அபூர்வமாகிவிட்டதற்கு இந்த மனிதருக்குத்தான் அதிகம் நன்றி சொல்ல வேண்டும். 2023இல் மறைந்தார். பெயர் தெரிந்தவர்கள் குறைவு.

அதே 2023இல் எல்மினாவில் விழுந்த விமானத்தை எந்த மலைவரைபடமும் காப்பாற்றியிருக்காது. லங்காவியிலிருந்து வந்த பீச்கிராப்ட் பிரீமியர் ரக ஜெட். பட்டப்பகல், தரையிறங்க அனுமதி கிடைத்துவிட்டது, ஆபத்து என்ற அழைப்பு எதுவும் இல்லை. பகாங் ஆட்சிக்குழு உறுப்பினர் ஜொஹாரி ஹருண் உட்பட உள்ளே இருந்த எட்டுப் பேரும், தம் வேலையாகச் சாலையில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேரும் இறந்தனர். விமானம் தரை தொட்டதும் இறக்கையின் மேல் சில தகடுகள் விரிந்து நிற்பதைச் சன்னலோர இருக்கையில் இருந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். இறக்கையின் தூக்குவிசையைக் கலைத்து, எடை முழுவதையும் சக்கரங்களுக்கு மாற்ற அவை உதவுகின்றன. அப்போதுதான் தடை பிடிக்கும். அந்த ஜெட்டில், இறங்கும் முன் செய்யும் சரிபார்ப்பின்போது, அந்தத் தகடுகள் தவறுதலாக வானிலேயே விரிக்கப்பட்டன என்பது விசாரணையின் முடிவு. பறக்கும்போது அதைச் செய்யக் கூடாது என்று அந்த விமானத்தின் கையேட்டிலேயே இருக்கிறது. தரையில் உயிர் காக்கும் கருவி. சில நூறு மீட்டர் உயரத்தில் அதுவே இறக்கையை இறக்கையாக இல்லாமல் ஆக்கிவிட்டது. மீள்வதற்கு உயரம் இல்லை.

2024 ஆகஸ்ட் முதல் சுபாங்குக்குப் பயணிகள் ஜெட்கள் மறுபடி வரத் தொடங்கிவிட்டன. சாய்கோட்டில் இப்போது போக்குவரத்து கூடியிருக்கிறது. இந்தக் கோட்டைக் கண்ணால் காண முடியாது என்று நினைக்க வேண்டாம். ஓடுபாதையின் பக்கத்தில் நான்கு விளக்குகளை வரிசையாக வைப்பது உலக வழக்கம். சரியான சாய்வில் வரும் விமானிக்கு இரண்டு வெள்ளையாகவும் இரண்டு சிவப்பாகவும் தெரியும். நான்கும் வெள்ளை என்றால் உயரம் அதிகம். நான்கும் சிவப்பு என்றால் கூரைகள் நெருங்கிக்கொண்டிருக்கின்றன. இரவில் விமான அறையின் விளக்குகளைக் குறைத்து, சன்னல் மறைப்பைத் திறக்கச் சொல்வதும் இதே கட்டத்துக்காகத்தான். வெளியேற நேர்ந்தால் கண் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும், எந்தப் பக்கம் தீ என்று தெரிய வேண்டும். பணிப்பெண்கள் அப்போது வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தால் களைப்பு என்று நினைத்துவிடாதீர்கள். எந்தக் கதவு, எந்தக் கட்டளை, யாருக்கு உதவி வேண்டும் என்று மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லிப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

2024 அக்டோபர் 11 மாலை திருச்சியிலிருந்து ஷார்ஜா புறப்பட்ட விமானம் ஒன்று, எழுந்த சிறிது நேரத்தில் நீர்ம அழுத்த அமைப்புப் பழுதானதால், இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக ஊருக்கு மேல் வட்டமடித்தது. எரிபொருளைக் குறைத்து எடையை இறக்குவதற்காக. தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகள் அந்த வட்டத்தைத் திரையில் போட்டு நிமிடத்துக்கு நிமிடம் சொல்லிக்கொண்டிருந்தன. நிலையத்தில் ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் வரிசையாக நின்றன. பார்த்தவர்களுக்கெல்லாம் அந்த இரண்டு மணி நேரம்தான் பதைப்பு. உள்ளே இருந்த விமானிகள் இருவரும் அந்த நேரத்தைக் கையேட்டைப் புரட்டவும், கணக்குப் போடவும், கீழே இருப்பவர்களோடு பேசவும் செலவழித்தார்கள். பிறகு அதே 3 பாகைச் சாய்வில், கடைசிச் சில நிமிடங்களுக்குள் நுழைந்து, இரவு எட்டேகால் மணி வாக்கில் இறக்கினார்கள். யாருக்கும் ஒரு கீறலும் இல்லை.